உட்காரப் போட்ட புல்

புல்தரை போடச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். கையை நீட்டி, இங்கிருந்து அதுவரைக்கும் என்பார்கள். ஓரத்தில் என்ன பூ வைக்கலாம், நடுவில் ஒரு கல்விளக்கு வைத்தால் நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, இந்த மாதிரி வருமா என்பார்கள். நான் போன முதல் நாளே தரையில் உட்கார்ந்து பார்த்தவர் அந்த அக்கா ஒருத்தர்தான். வீடு கட்டி மிச்சமான ஜல்லியும் சிமெண்டுக் கட்டியும் கிடந்த இடம் அது. புடவையை ஒதுக்கிக்கொண்டு, காலை நீட்டி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"ரோடு தெரியல" என்றார். "மண்ணு ஏத்தணும்."

எனக்குப் புரியவில்லை. எல்லோரும் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியக்கூடாது என்றுதான் கேட்பார்கள். சுவர் ஓரமாக மூங்கில் வை, செடி வை என்பார்கள்.

"ரோட்டுல போறவங்களுக்கு உங்க தலை தெரியுமேக்கா" என்றேன்.

"தெரியட்டும்னுதான் ஏத்தச் சொல்றேன்" என்றார்.

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில், கேட்டும் வாட்ச்மேனும் வைத்த லேஅவுட் அது. எல்லா வீடும் ஒரே அச்சு. எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடம். கம்பெனிகளில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்களும், தினமும் காரில் பெங்களூருக்குப் போய் வருகிறவர்களும் அங்கே இருந்தார்கள். அதில் பல வீடுகளுக்கு நான்தான் புல் போட்டு, வெட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளிக்கு அந்தப் பக்கம் எனக்கு ஊர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் கொஞ்ச காலம் இருந்தேன், பிறகு புல் வேலைக்கு வந்துவிட்டேன். பேச்சு எனக்குச் சரியாக வராது. இது குனிந்து செய்கிற வேலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனால் எனக்கு ஒத்துப்போயிற்று.

அக்கா இப்போது இல்லை. கடைசியில் படுத்த படுக்கையாக இருந்தார் என்று சொன்னார்கள். அந்தக் கதை எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்தது உட்கார்ந்திருந்த அக்காவை.

முதலில் நான் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன். "உங்கம்மா ஊர்ல இருக்காங்க இல்ல? என்னை அக்கான்னு கூப்பிடு" என்றார். லேஅவுட்டில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அவர் அக்காதான். அசோசியேஷன் செக்ரட்டரி மட்டும் மேடம் என்பார்.

எந்தப் புல் போடலாம் என்று காட்டுவதற்காக மெக்சிகன் புல்லிலும் கொரியன் புல்லிலும் ஒவ்வொரு பாய் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். புல்லைப் பாய்மாதிரி சுருட்டி விற்பார்கள். அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொன்னார். ஒன்றின்மேல் உட்கார்ந்தார். எழுந்து இன்னொன்றின்மேல் உட்கார்ந்தார். புல் போடச் சொன்ன யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மெத்துன்னுதான் இருக்குது. தினமும் உக்காந்தா தாங்குமா?"

"தாங்காதுக்கா. இது பாக்கறதுக்கு."

"உக்காந்தா தாங்கறது எது?"

சொல்லத் தயங்கினேன். "அருகம்புல்லு தாங்கும். ஆனா அதைப் போய் யாரும் போட மாட்டாங்க. அது வந்தா நாங்களே களைன்னு புடுங்கிப் போடுவோம்."

"அதைப் போடு" என்றார்.

ஏரிக்கரையிலிருந்து இரண்டு மூட்டை அருகு பிடுங்கிக்கொண்டு வந்தேன். விரல் நீளத்துக்கு நறுக்கி, வரிசையாகக் கீறி, நட்டு, மண்ணை மூடிப் பலகையால் தட்ட வேண்டும். அக்காவும் என்கூட உட்கார்ந்து நட்டார். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிசையில் பாதி போயிருப்பார். அவர் ஊரான மத்தூர்ப் பக்கம் ராகி நடவுக்குப் போன கை. "நடவுன்னா குனிஞ்சிதான் நடணும். உக்காந்து நட்டா மேஸ்திரி கத்துவான். இப்பப் பாரு, எவன் கத்துறான்?" என்று சுற்றிலும் பார்த்தார். எதிர்வீட்டுப் பால்கனியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

யார் எங்கே எழச் சொன்னாலும் அவர் எழமாட்டார். எங்கே நிற்கச் சொன்னாலும் உட்கார்ந்துவிடுவார். அதை அவரே கதை கதையாகச் சொல்லுவார், சிரித்துக்கொண்டே.

கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். முதலில் ஸ்டூல் இருந்ததாம். ஸ்டூல் இருந்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அக்கா அன்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மிஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டில் சாமான்கள் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. கடைசியில் முட்டி மோதி லைனே நின்றுபோனது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா பண்றே?"

"உக்காந்திருக்கேன் சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"கால் வலிக்குது சார்."

"எல்லாருக்குந்தான் வலிக்குது."

"அப்ப எல்லாரும் உக்காரட்டும் சார்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா என் முகத்தைப் பார்ப்பார், சிரித்தேனா என்று. வேலையிலிருந்து கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள், பிறகு எடுத்துக்கொண்டார்கள். "ஸ்டூலு வந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "வரல. ஓரமா ஒரு பெஞ்சு போட்டாங்க. அதுல மத்தவங்க உக்காந்தாங்க. நான் ஒருநாளும் உக்காரல. அவங்க காட்டற எடத்துல உக்காந்தா அது உக்கார்றதா?"

ரிஜிஸ்டர் ஆபீசில் இந்த வீட்டைப் பதிவு செய்யப் போனபோதும் அப்படித்தான். நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். அக்கா ஆபீசர் அறைக்குப் போகிற வழியிலேயே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். "சீக்கிரமா கூப்பிட்டுட்டாங்க. தொல்லை போகட்டும்னு" என்றார்.

இது எல்லா இடத்திலும் வேடிக்கையாக முடியவில்லை. மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் முக்கியமான ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி, மத்தூரிலிருந்து வந்திருந்த அக்காவின் சொந்தக்காரர்களை முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் எழுந்துவிட்டார்கள். மேடையில் நிற்க வேண்டிய மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்து, காலியான அந்த வரிசையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டுகிறவரைக்கும் எழவில்லை. மகன் வந்து கெஞ்சியிருக்கிறார். அதன்பிறகு பெங்களூரிலிருந்து அவர் வருவது குறைந்துபோனது.

"அவன் கோவம் நியாயந்தான்" என்றார் அக்கா. புல்லுக்குள் களையாக வந்த கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அவனுக்கு நான் அம்மாவா இருந்திருக்கணும். நான் எங்கம்மாவுக்கு மகளா இருந்துட்டேன்."

அவருடைய அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கூலிக்குப் போன குடும்பம். அறுப்பு முடிந்து நிலத்துக்காரர் களத்துக்குக் கட்டு சுமந்துபோனால், கூலி அளந்து போடுகிறவரைக்கும் நிற்க வேண்டும். "அவங்க வீட்டு நாய் களத்துல உக்காந்திருக்கும். எங்கம்மா நிப்பா. வயித்துல புள்ளையோட நிப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிக்கறே? இது சோகக்கதை இல்லப்பா. கோவக்கதை" என்றார்.

அருகு நடுவதற்கு முன்பே, மண்ணுக்கு எரு போட வேண்டும் என்று சொன்னபோது நான் வழக்கமாக வாங்குகிற இடத்தில் வாங்கலாம் என்றேன். நன்றாக மட்கிய எரு, சலித்துக் கொடுப்பார்கள். அக்கா கேட்கவில்லை. மத்தூரில் தம்பி மாடு வைத்திருக்கிறான், குப்பைமேட்டில் எரு மலைமாதிரி கிடக்கிறது என்று ஒரு லோடு ஆட்டோவில் கொண்டுவரச் சொன்னார். வாசனையிலேயே தெரிந்தது, அது பாதிதான் மட்கியிருந்தது. நானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. போட்டுக் கொத்திவிட்டேன். எங்கள் பக்கத்து மாடுகள் ராகித்தாள் தின்கிற மாடுகள், தாளில் ஒட்டின ராகியும் எருவோடு வந்திருந்தது. ஒரு மழை பெய்தது. அருகு தலைகாட்டுவதற்கு முன்னால் ராகி முளைத்துவிட்டது. சும்மா இல்லை, தரை தெரியாமல் முளைத்தது.

பிடுங்க உட்கார்ந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"வந்து உக்காந்ததை ஏன் எழுப்பறே? வுடு."

"அக்கா, இது புல்தரை."

"ராகி என்னா மரமா? அதுவும் புல்லுதான்."

பாதியையாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் அருகுக்கு வெயில் கிடைக்காது என்று நான் எப்படியோ சொல்லிப் புரியவைத்தேன். சுவரோரமாக இருந்ததை மட்டும் விட்டோம். அது வளர்ந்து கதிர் வந்தது. லேஅவுட்டில் வாக்கிங் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். செக்ரட்டரியும் வந்து நின்றார். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அங்கே வீடு வீடாக வேலை பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். வரிசை கலைந்திருந்தால் அவருக்குத் தாங்காது. அவர் வீட்டுப் புல்லில் எறும்பு நடந்தாலும் வரிசையாகத்தான் நடக்க வேண்டும்.

"மேடம், இது ரெசிடென்ஷியல் ஏரியா. அக்ரிகல்ச்சர் அலவுட் இல்ல."

"உக்காருங்க சார், பேசலாம்" என்று தரையைக் காட்டினார் அக்கா.

"இல்ல மேடம், நான் நிக்கறேன்."

"பால்கதிர் சார். சுட்டுக் கசக்கித் தரேன், தின்னு பாருங்க."

அவர் வேண்டாம் என்று போய்விட்டார். அந்தக் கதிரைச் சுட்டுத் தின்றது லேஅவுட்டில் வீட்டு வேலைக்கு வருகிற லட்சுமம்மாவும் அவர்கூட வருகிற பெண்களும். அப்படித்தான் அவர்கள் அந்தப் புல்லுக்கு வர ஆரம்பித்தார்கள்.

லேஅவுட்டில் வீட்டு வேலை செய்கிற பெண்களும் தெரு கூட்டுகிற பெண்களும் காலையில் வந்தால் மத்தியானம் தாண்டித்தான் போவார்கள். பதினோரு மணி வாக்கில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், கொண்டுவந்ததைச் சாப்பிட. உட்கார இடம் கிடையாது. பார்க்கில் பெஞ்சு உண்டு, ஆனால் உட்கார்ந்தால் வாட்ச்மேன் விரட்டுவார், அது வீட்டுக்காரர்களுக்கு. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் சுவரோரமாக நிழல் விழுகிற பக்கம் பார்த்து, டீசல் வாடையில் குந்திச் சாப்பிடுவார்கள்.

அக்கா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். தமிழ்க்காரப் பெண்ணென்றால் "உக்காருடி". லட்சுமம்மா தளிப் பக்கம், வீட்டில் கன்னடம். அவருக்கு "கூத்கோ". பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரப் பெண்ணுக்கு "கூர்ச்சோ". வேறு வார்த்தை அந்த மொழிகளில் அவருக்கு அதிகம் வராது. இதை மட்டும் சுத்தமாகச் சொல்லுவார்.

லட்சுமம்மாவுக்கு முட்டி வலி. உட்காரும்போது, ஐயோ கடவுளே என்பதைக் கன்னடத்தில் "ஐயோ தேவரே" என்பார், எழும்போதும் அதையே சொல்லுவார். "அக்கா, நீ புல்லு போட்டிருக்கியா, சங்கம் வெச்சிருக்கியா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். வெட்ட வெட்ட வரும்."

"ஓனரம்மா யாராச்சும் பார்த்தா?"

"பாக்கறதுக்குத்தானே மண்ணு ஏத்தினது."

பார்த்தார்கள். சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டில் நிற்கவைத்து வேலை வாங்குகிற பெண், பட்டப்பகலில் தெருவைப் பார்க்கக் காலை நீட்டி உட்கார்ந்து ஊறுகாய் நக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் என்றார்கள். கோடையில் டேங்கர் வருகிறது, புல்லுக்குத் தண்ணீரா என்றார்கள். மற்ற வீட்டுப் புல்லுக்கு நான் விடுகிற தண்ணீரை யாரும் கேட்கவில்லை. அக்கா துணி அலசின தண்ணீரைத்தான் விட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னதும், அடுத்ததாக அழகு என்றார்கள்.

அழகு விஷயத்தில் அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. அருகும் புல்தான், இரும்பில்லை. தினமும் அத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எது தாங்கும்? நடுவில் வழுக்கை விழுந்தது. கோடையில் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. அசோசியேஷன் மீட்டிங்கில் முடிவு செய்தார்கள். புல் சரியாக இல்லாத வீட்டு முன்னால் இனிமேல் சிமெண்டுக் கல் பதிக்கப்படும், எல்லா வீடும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஒரு மாதம் தவணை. எல்லா வீட்டையும் சொல்வதுபோல் சொன்னார்கள். சரியாக இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். "நீ சொன்னா கேப்பாங்கப்பா. ஒரு மாசம் யாரையும் உள்ள விடாம இருந்தா புல்லு வந்துடும் இல்ல?"

வந்துவிடும். அது உண்மைதான். எனக்கும் அந்தப் புல் போகக்கூடாது என்றுதான் இருந்தது. அக்காவிடம் போய், வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், சொன்னேன்.

"அக்கா, ஒரு மாசம் புல்லுக்கு ரெஸ்ட் குடுத்தா போதும். எருப் போட்டு நான் கொண்டாந்துடறேன்."

"புல்லு ரெஸ்ட் எடுக்கட்டும். அதுவரைக்கும் அவளுங்க எங்க எடுப்பாளுங்க?"

"ஒரு மாசந்தானேக்கா."

"ஒரு மாசம் கழிச்சி புல்லு நல்லா வந்துடும். இவ்வளவு நல்லா இருக்கே, இதுல போய் உக்காருவாங்களான்னு எனக்கே தோணும். அப்பறம் நானும் அவங்களை மாதிரி, புல்லுல கால் வைக்காதேன்னு ஒரு போர்டு எழுதி நட்டுடுவேன். வேணாம்பா. எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னைப் பற்றியே அவருக்குப் பயம் இருந்திருக்கிறது.

நான் வேறு ஒன்று செய்து பார்த்தேன். ஊரில் ஆட்டை முளையடித்துக் கட்டினால், ஒரே இடத்தில் மேயாமல் இருக்க முளையை மாற்றி மாற்றி அடிப்போம். அந்தமாதிரி இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை என்று உட்காரச் சொன்னேன். "எங்களை ஆடுன்றான் பாரு" என்று லட்சுமம்மா சிரித்தார். ஆனாலும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் கைக்கு எட்டின கோரையையும் பிடுங்கினார்கள். ஓரங்கள் கொஞ்சம் தேறின. நடுவில் இருந்த வழுக்கை மட்டும் தேறவில்லை. அங்கே அக்கா உட்கார்ந்திருப்பார். அவரை யார் மாற்றி உட்காரச் சொல்வது?

தவணை முடிகிற நேரத்தில் செக்ரட்டரி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்த வீட்டுக்குப் போறதை நிறுத்திடு. இல்லன்னா மத்த வீடெல்லாம் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. என் கையில இல்லப்பா அது." மறுநாள் காலையில் கிளம்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

கல் ஏற்றின வண்டி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. சுவரோரமாக ரோட்டில் இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவரும், வடக்கிலிருந்து வந்த ஆட்கள் நான்கைந்து பேரும். அக்கா நடுவில், அவருடைய இடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த மூலையில கோரை கெளம்பியிருக்குது பாரு" என்றார், ஒன்றுமே நடக்காததுமாதிரி. நான் அந்த மூலையில் போய் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன்.

மேஸ்திரி கடப்பாரையோடு கேட்டருகில் வந்தார். "அக்கா, கொஞ்சம் எழுந்தீங்கன்னா ஆரம்பிச்சிடலாம்."

"நான் எழுந்தாத்தான் ஆரம்பிக்க முடியுமா?"

"ஆமாங்க்கா."

"அப்ப நேரமாவும். நீயும் உக்காரு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். செக்ரட்டரிக்குப் போன் போட்டார். அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூரில் இருந்தார். மத்தியானம் வந்துவிடுகிறேன், ஆட்களை அனுப்பிவிடாதே, அங்கேயே வைத்திரு என்றார். ஆட்கள் ரோட்டில் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கல்லின்மேல் உட்கார முடியவில்லை, சுட்டது. மாறி மாறிக் காலைத் தூக்கி நின்றார்கள்.

பதினோரு மணிக்கு லட்சுமம்மாவும் மற்றவர்களும் வந்தார்கள். கல்லைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். அக்கா கையைக் காட்டியதும் உள்ளே வந்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பிறகு அக்கா ரோட்டைப் பார்த்தார். நிற்கிற அந்த ஆட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏ, பைட்டோ" என்றார், தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில். "உள்ள வந்து பைட்டோ."

அவர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி எங்கேயோ பார்த்தார். ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். வீட்டு நிழல் பாதிப் புல்லில் விழுந்திருந்தது. அவர்களிடம் ரொட்டியும் பச்சை மிளகாயும் இருந்தது. லட்சுமம்மா ராகி உருண்டையைப் பிட்டுக் கொடுத்தார். ஒருவன் அதை மென்று மென்று பார்த்தான். "முழுங்கணும்டா, மெல்லக்கூடாது" என்று லட்சுமம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேர் துண்டை விரித்து அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்கள். மேஸ்திரியும் கடைசியில் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

செக்ரட்டரி கார் வந்து நின்றது. கல்யாணத்துக்குப் போட்ட பட்டு வேட்டியோடு இறங்கினார். அவர் வரவழைத்த ஆட்களே அந்தப் புல்லில் தூங்குவதைப் பார்த்தார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

"எழுந்திருங்கப்பா! வேலைக்கு வந்தீங்களா, பிக்னிக் வந்தீங்களா?"

ஆட்கள் பதறி எழுந்தார்கள். லட்சுமம்மா "ஐயோ தேவரே" என்று கையை ஊன்றினார். அக்கா அவர் தோளில் கை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, வைத்தார், அவ்வளவுதான். லட்சுமம்மா எழவில்லை. எழுந்த ஆட்களும் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள்.

"மேஸ்திரி, என்னய்யா இது?"

"சார், வீட்டுக்காரங்க ஒத்துக்கல. அவங்க எடத்துல நான் கடப்பாரைய வெச்சா, நாளைக்கு ஸ்டேஷன்ல நான்தான் சார் நிக்கணும்."

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். "நீ வாப்பா. நீ போட்ட புல்லுதானே. நீயே எடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்க எனக்கு எப்போதுமே வாய் எழாது. அன்றும் எழவில்லை. நானும் எழவில்லை. கையில் இருந்த கோரையைக் கிழங்கோடு பிடுங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்ததைப் பிடித்தேன்.

செக்ரட்டரி அக்காவிடம், முன்னைவிடத் தணிந்த குரலில் பேசினார்.

"மேடம், நானும் சண்டைக்கு வரல. இந்த எடத்தை வெச்சிக்கிட்டு நீங்க என்னதான் பண்ணப் போறீங்க?"

"உக்காரப் போறேன் சார்."

"சரி. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார். உக்காரப் போறேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி மடித்துக் கட்டினார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே மற்ற வீட்டு வேலையெல்லாம் எனக்குப் போயிற்று. செக்ரட்டரி வீடு உட்பட. வேறு லேஅவுட்டுகளில் அலைந்து வேலை பிடிக்க எனக்குச் சில மாதம் ஆனது. கல் மட்டும் ரோட்டோரமாகக் கொஞ்ச நாள் அடுக்கினபடியே இருந்தது. பிறகு ஒரு காலையில் வண்டி வந்து, இறக்கினவர்களே அதை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்குள் ஏதோ வேலையாக இருந்தார், வெளியே வந்து பார்க்கவில்லை. பாதி ஏற்றி முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.